பாலியோ 1.6: பொக்கிஷமா, பேரீச்சம்பழமா?

ஸ்பேனர் சாமி (ஆனைமலை):
வேலந்தாவளம் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இட்லி இறங்கவில்லை. 2002 மாடல் ஃபியட் பாலியோ 1.6 காரை இப்போது ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினாராம், பத்து வருடத்தில் கிளாசிக் ஆகிவிடுமாம், தங்கத்தை விட மேலாம். சரி, அவர் காசு, அவர் ஆசை. ஆனால் போகிற போக்கில் "லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கிறது" என்று ஒரு வரி. இருபது வருடமாக இந்த வண்டியின் பானட்டுக்குள் தலையை விட்டவன் சொல்கிறேன், கொடுக்காது.

வேலந்தாவளம்காரன்:
ங்ணா, நான் எழுதியது மைலேஜைப் பற்றி இல்லை. 2001-ல் புதிதாக வந்தபோது இருந்த விலைக்கு ஒரு ஹேட்ச்பேக்கில் 100 குதிரைத்திறன் வேறு யார் கொடுத்தார்கள்? கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்திய மாதிரி சத்தம். சச்சின் விளம்பரத்தில் வந்த வண்டி. நல்ல நிலையில் இருப்பவை வருடா வருடம் குறைகின்றன, அதனால் விலை ஏறும் என்றேன். மைலேஜ் 13.2. ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க், அதாவது நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்த கணக்கு.

ஸ்பேனர் சாமி:
நேற்று 13, இன்று 13.2. தீபாவளிக்குள் ஆல்டோவை முந்திவிடும்.

சித்தூர் வாத்தியார்:
எதைக் கிளாசிக் என்கிறோம் என்று முதலில் முடிவு செய்வோமே. மத்திய அரசின் 2021 விதிப்படி 50 வருடம் தாண்டி, ஒரிஜினலாக இருந்தால்தான் விண்டேஜ். 'விஏ' என்று தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். தம்பியின் பாலியோவுக்கு அது 2052-ல். அதுவரை அது பழைய வண்டிதான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

ஸ்பேனர் சாமி:
அதெல்லாம் அப்புறம், வாத்தியாரே. தம்பி, டயர் என்ன சைஸ்? ஒரிஜினலை விட விட்டம் ஓர் அங்குலம் குறைந்தால் ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடக் காட்டும். வண்டி ஓடாத தூரத்துக்கெல்லாம் மைலேஜ் கணக்குப் போடுகிறீர்கள்.

வேலந்தாவளம்காரன்:
கம்பெனி சைஸ்தான். நாலு தடவை நிரப்பிப் பார்த்தேன். 13.2, 12.9, 13.4, 13.2. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாலக்காடு ஆர்எஸ்:
100 குதிரைக்கே இவ்வளவு ஆட்டமா? ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்று ஒரு வண்டி வந்தது, 1.8 டர்போ, 150 குதிரை. நாளைக்கு கிளாசிக் ஆகப்போவது அது. பாலியோ பேரீச்சம்பழத்துக்குப் போகும்.

கோபாலபுரம் கோபி:
உங்கள் ஆர்எஸ் மூன்று மாதமாக எங்கள் தெரு மாமரத்தடியில் தார்ப்பாய்க்குள் இருக்கிறதே சேட்டா? வயரிங்கை எலி தின்றுவிட்டது என்று நீங்களே சொன்னீர்கள். கிளாசிக் எலிக்கா?

பாலக்காடு ஆர்எஸ்:
அது ஸ்பேர் வரக் காத்திருக்கிறது. கேரளா ரெஜிஸ்ட்ரேஷன் என்பதால் உங்களுக்கெல்லாம் எரிச்சல்.

கோபாலபுரம் கோபி:
ரெஜிஸ்ட்ரேஷனை யார் கேட்டது? அது இருக்கட்டும், ஸ்பேனர் அண்ணாவிடம் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி. என் ஃபோர்டு ஐகான் 1.6-க்கு ஹெட் கேஸ்கட் மாற்றினீர்கள், இரண்டே மாதத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பில் ஏறிவிட்டது.

ஸ்பேனர் சாமி:
நான் கூலன்ட் ஊற்று என்றேன், நீ ஆழியாற்றுத் தண்ணீரை ஊற்றினாய். அதை இங்கே இழுக்காதே. பேச்சு 13-ஐப் பற்றி. தம்பி, டைமிங் பெல்ட்டை, அதான் இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் பெல்ட்டை, என்றைக்கு மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேட்டீர்களா? கவரைக் கழற்றி டார்ச் அடித்து, பெல்ட்டை மடக்கிப் பாருங்கள். காய்ந்த வாழைமட்டை மாதிரி கீறல் இருந்தால் வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். அறுந்தால் வால்வெல்லாம் வளையும், இன்ஜின் வேலை முடிவதற்குள் இன்னொரு பாலியோ வாங்கிவிடலாம். அடுத்து பெட்ரோல் ஹோஸ். இன்று பங்கில் கிடைப்பது இ20, அந்தக் காலத்து ரப்பர் அதற்குச் செய்ததே இல்லை. இந்த 20 சதவீத எத்தனாலில் புது வண்டிகளுக்கே மைலேஜ் குறைகிறது. உங்களுக்கு மட்டும் 13.

வேலந்தாவளம்காரன்:
பெல்ட் போன மாதம் மாற்றியாயிற்று, ஹோஸும் மாற்றியாயிற்று. 13.2.

சித்தூர் வாத்தியார்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்பேனர் சாமி:
நிரப்பும்போது பம்ப் முதல் கிளிக்கில் நிறுத்தினீர்களா, கழுத்து வரை ஊற்றினீர்களா? ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படி என்றால் உங்கள் நோட்டைக் கொண்டுபோய் பஜ்ஜி மடியுங்கள்.

வேலந்தாவளம்காரன்:
முதல் கிளிக். எப்போதும் அதே பங்க், அதே பையன். நம்பாவிட்டால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள், பொள்ளாச்சி வரை போய்த் திரும்பலாம். நீங்களே ஓட்டுங்கள்.

ஸ்பேனர் சாமி:
வருகிறேன். நான் ஓட்டினால் இன்ஜின் சுற்று நாலாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்க விடமாட்டேன். 100 குதிரை என்று பீற்றிவிட்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டி எடுத்த மைலேஜ் எனக்கு வேண்டாம்.

வேலந்தாவளம்காரன்:
அது எப்படி நியாயம்? அறுபதில்தான் ஓட்ட வேண்டும்.

கோபாலபுரம் கோபி:
பெட்ரோல் கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் போடுவது? தமிழ்நாட்டுப் பக்கம்தான் விலை குறைவு.

பாலக்காடு ஆர்எஸ்:
குறைவு என்றால் ஏன் குறைவு என்று யோசியுங்கள்.

ஸ்பேனர் சாமி:
சேட்டா, நீங்கள் முதலில் போய் எலியைப் பிடியுங்கள்.