டிபி பாக்ஸ் (வீட்டு மின்பெட்டி) மாற்ற இரண்டு விலை, எது சரி?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் அம்மா இருப்பது, அப்பா தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய பழைய தரைவீடு. போன வாரம் குளியலறையில் ஹீட்டர் குழாயைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. லேசாகத்தான், ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. ஹீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

டிபி பாக்ஸை மாற்ற இரண்டு வயர்மேன்களைக் கூப்பிட்டோம். ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் 600 வெள்ளி (ரிங்கிட்) என்றார். எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) பற்றிக் கேட்டால், பழையதே போதுமாம். இன்னொருவர் எர்த்தின் மின்தடையை மீட்டர் வைத்து அளந்தார். 40 ஓமுக்கு மேல் காட்டியது. 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்றார். புதுப் பெட்டி, செம்பு பூசிய எர்த் கம்பி, வீடு முழுவதற்கும் 100 மில்லி ஆம்பியர், பிளக்குகளுக்கு 30, ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் சோதனை, எல்லாம் சேர்த்து 1,450 வெள்ளி. எனக்கு இவர்மேல்தான் நம்பிக்கை. ஆனால் தாளில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை.

அண்மையில் இந்த வேலை செய்தவர்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒரு கம்பி அடித்தும் ஓம் இறங்காவிட்டால் இரண்டாவது கம்பிக்குத் தனிக் காசா? அதை முன்பே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமா? எங்கள் வாசலில் கல் அதிகம், அதனால் கேட்கிறேன்.

அப்புறம், சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த நல்ல வயர்மேன் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.