சக மாணவர் ஆலோசனைக் குழு அமைக்க வழிகாட்டல் தேவை

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கும் மனநலப் பணியாளர்களுக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றும் நான், வரும் கல்வியாண்டில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில், பிள்ளைகளே தம் தோழர்களின் மனச்சுமையைக் கேட்டு உதவும் சக மாணவர் ஆலோசனைக் குழு ஒன்றைத் தொடங்க விரும்புகிறேன். மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; ஆனால் எங்கள் பிள்ளைகள் ஆசிரியரிடம் வாய் திறப்பதில்லை. அரையாண்டுத் தேர்வில் கேள்வி எண்களை மட்டும் வரிசையாக எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு மாணவி, இரவு வெகுநேரம் அம்மாவுடன் பீடி சுற்றிவிட்டு உறக்கமின்றி வருவது பக்கத்தில் அமரும் தோழிக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பெரிய தயக்கம். முதல் மதிப்பெண் வாங்குபவர்களையே நியமித்தால் மற்றவர்கள் நெருங்கமாட்டார்கள். மேலும், சாதியைக் காட்டக் கையில் கட்டிய கயிற்றின் நிறம் பார்த்துப் பழகும் வழக்கம் நம் பகுதிப் பள்ளிகளில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை (இதை மறைத்துப் பேசிப் பயனில்லை) என்பதால், எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் நம்பிப் பேசக்கூடியவர்களை ரகசிய வாக்கெடுப்பில் கண்டறியலாமா என யோசிக்கிறேன். அவ்வாறு செய்துபார்த்தவர்கள் உண்டா?

அடுத்தது ரகசியம். தற்கொலை எண்ணத்தையோ பாலியல் துன்புறுத்தலையோ பற்றி ஒருவர் சொன்னால், கேட்ட பிள்ளை அதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் உடனே பொறுப்பாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும்; பாலியல் குற்றமெனில், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. பிள்ளைகளின் நம்பிக்கை குலையாமல் இதை முதல் நாளே எவ்வாறு சொல்லிவைப்பது? அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை வகுப்பறைகளில் எழுதிவைத்துவிட்டோம். மாவட்ட மனநலத் திட்டத்தினரைப் பள்ளிக்கு அழைத்த அனுபவமுள்ளவர்களும், தமிழில் பயிற்சிக் குறிப்புகள் வைத்திருப்பவர்களும் இங்கேயே பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.