காலை மயக்கம் தெளிய என்ன செய்தீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். குடியை விட்டு இன்றோடு 74 நாள். தூக்கமில்லாமல் தவித்ததால் மனநல மருத்துவர் இரவுக்கு மிர்டாசபின் (மனச்சோர்வுக்கான மாத்திரை, தூக்கமும் வரவைக்கும்) 15 மி.கி. கொடுத்தார். தூக்கம் வந்துவிட்டது, நன்றியோடுதான் இருக்கிறேன். பிரச்சினை காலையில்.

வீடு வீடாகப் பால் பாக்கெட் போடும் வேலை எனக்கு. நாலரைக்கு எழுந்தால் தலை கல்லாய்க் கனக்கிறது, நாக்கு குழறுகிறது. போன வாரம் வாசற்படியில் தடுக்கி விழுந்தேன். அம்மா ஓடி வந்து தூக்கினார். தூக்கும்போதே என் வாயை முகர்ந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பத்து வருடம் பட்டவர். ஆனாலும் 'குடிக்காமலே இந்தப் பெயர்தானே' என்று ஒரு எண்ணம் தலைகாட்டியது. அதற்குப் பயந்துதான் இங்கே எழுதுகிறேன்.

அப்புறம் பசி. நடுராத்திரி எழுந்து பானையில் கிடக்கும் சோற்றை ஊறுகாயோடு வழித்துத் தின்கிறேன். இரண்டு மாதத்தில் 5 கிலோ கூடிவிட்டது.

மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன். சட்டென நிறுத்தினால் பதற்றம் திரும்பும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அளவைக் குறைக்கலாமா என்றால், இந்த மருந்தில் குறைந்த அளவில்தான் தூக்கம் அதிகமாம். இப்போதைக்கு வண்டியைத் தம்பி ஓட்டுகிறான்.

இதைச் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்: மயக்கம் எத்தனை வாரத்தில் தெளிந்தது? டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை முன்னால் தள்ளியவர்கள் உண்டா? ராத்திரிப் பசிக்கு என்ன வைத்துக்கொண்டீர்கள்? வீட்டாரின் சந்தேகத்தை எப்படித் தாங்கினீர்கள்? வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.