மறு: எம்பாடிட் கார்பன் – ‘அடக்கக் கரிமம்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு கருவியைத் தயாரித்து நம் கைக்குக் கொண்டுவரும்வரை வெளியாகும் கரிம உமிழ்வைத்தான் ஆங்கிலத்தில் எம்பாடிட் கார்பன் (embodied carbon) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘உள்பொதிந்த கரிமம்’ என்று இங்கே வந்த பரிந்துரையில் பொருள் குற்றம் இல்லை. ஆனால் காரைக்குடியில் என் சர்வீஸ் கடைக்கு வருபவரிடம் அப்படிச் சொன்னால், போர்டில் கரி படிந்திருக்கிறது போல, துடைத்துக் கொடுங்கள் என்பார்.

எங்கள் கடைத்தெருவில் அன்றாடம் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: அடக்கம். வாங்கிய விலை, வண்டி வாடகை, ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்தது அடக்க விலை. “அடக்கத்துக்கே கட்டுபடியாகாது ஆச்சி” என்று பாத்திரக் கடைக்காரர் சொல்வது இதைத்தான். எம்பாடிட் கார்பனும் இதே கணக்குதானே? தாது தோண்டுவது, சிப் ஆலை இரவு பகலாக இழுக்கும் மின்சாரம், கப்பலேறி வருவது என்று அத்தனை உமிழ்வும் நாம் பவர் பட்டனைத் தொடும் முன்பே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அடக்கக் கரிமம். ஓடும்போது மின்சாரத்தால் சேர்வது நடப்புக் கரிமம்.

இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் கணக்கு தப்பிவிடும். ஐபோன்களுக்கு ஆப்பிளே வெளியிடும் அறிக்கைகளில், போனின் வாழ்நாள் மொத்த உமிழ்வில் தயாரிப்பின் பங்கு மட்டும் சுமார் 80 விழுக்காடு.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் 2016-இல் வாங்கிய லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். கீல் தளர்ந்திருந்தது, ‘அ’ விசை தேய்ந்து வழுவழு என்றிருந்தது, மற்றபடி நல்ல மெஷின். பிராசஸர் பழசு என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்றார். எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் வட்டு) மாற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். எஸ்எஸ்டிக்கும் தனி அடக்கம் உண்டு, மறைக்கவில்லை. நடப்புக் கரிமமும் புதியதைவிடக் கொஞ்சம் கூடலாம். ஆனால் பழசின் அடக்கம் எப்போதோ செலவாகிப் போனது, புதிது வாங்கினால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதை அவருக்கு ‘அடக்கம்’ என்று சொல்லியே விளக்கினேன், ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

அடக்கம் என்றால் சுடுகாட்டு நினைவு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். அடக்க விலை என்று கேட்டு யாரும் இதுவரை பதறியதாகத் தெரியவில்லை. சுருக்கி ‘அடக்கக் கரி’ ஆக்கினால் மட்டும் எனக்குச் சம்மதமில்லை, அடுப்புக் கரிதான் கண்ணில் நிற்கும்.

‘நடப்பு’தான் கொஞ்சம் உறுத்துகிறது. நடப்பு ஆண்டுக்கான கரிமம் என்றும் படிக்கலாம். ‘ஓட்டக் கரிமம்’ பரவாயில்லையா?