சி.எஸ்.ஸை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மகாராஷ்டிர ஆளுநராக இருந்த சி.எஸ். என்ற சி.சுப்பிரமணியத்தைப் பார்த்த, கேட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம், அவர் பிறந்த செங்குட்டைப்பாளையமும் அந்தப் பக்கம்தான். 1997 வாக்கில் கோவையில் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா) என்னைக் கூட்டிப் போனார். அப்போது சி.எஸ்.ஸுக்கு 87 வயது. கூட்டம் முடிந்து மெல்ல நடந்து வந்தவரிடம் அப்பிச்சி கும்பிட்டு ஊர்ப் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்து தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அப்பிச்சி பேசினார். 1954-ல் காமராஜரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் இவர், காமராஜரோ தோற்றவரையே தன் மந்திரிசபையில் வைத்துக்கொண்டார், அப்புறம் மதிய உணவுத் திட்டம் வந்தபோது கல்வி மந்திரி இவர்தான். 1965 பிப்ரவரியில் இந்தி விஷயத்தில் தமிழ்நாடே கொதித்துக் கிடந்தபோது, டெல்லியில் உணவு மந்திரியாக இருந்த இவரும் இன்னொரு மத்திய மந்திரி ஓ.வி.அளகேசனும் ராஜினாமாவை நீட்டினார்கள், ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, 1967 தேர்தலில் கோபிசெட்டிப்பாளையத்தில் நின்று தோற்றதைச் சொல்லும்போது அப்பிச்சியின் குரல் இறங்கிவிட்டது. கோபியில் எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு ஓட்டுகூட அவருக்கு விழவில்லையாம். அரிசி கிடைக்காத கோபம். அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனாலும் அந்த மனுஷனுக்கு நாம் செய்தது சரியில்லை கண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

* * *

நான் பம்பாயில் வேலை பார்த்தேன். 1991-ல் மாட்டுங்காவில் ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு ஆளுநர் வந்தார், நான் கடைசி வரிசை. கதர் வேட்டி, சட்டை. என்ன பேசினார் என்று இப்போது ஒரு வரிகூட நினைவில்லை, ஆனால் மலபார் ஹில் ராஜ்பவனில் நம்மாள் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. 1993 ஜனவரியில், ஊர் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த அதே மாதத்தில், அவர் பதவி விலகினார். கோவாவில் ஒரு விருந்தில் பிரதமர் நரசிம்ம ராவ் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றித் தனிப்பேச்சாகச் சொன்னது யார் காதிலோ விழுந்து பத்திரிகையில் வந்துவிட்டது. பதவியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, போய்விட்டார். எனக்கு அப்போது ரொம்ப வருத்தமாக இருந்தது, இப்போதும்தான்.

* * *

என் அப்பா டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தா. 1965, 66 இரண்டு வருஷமும் அடுத்தடுத்து மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை என்ற நிலை. எங்கள் வீட்டில் அம்மா ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். அந்த நாளில்தான் மெக்சிகோ குட்டை ரகக் கோதுமை விதையைக் கொண்டுவர வேண்டும் என்று சி.எஸ். நின்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் எதிர்ப்பும் சாதாரணமில்லை. உரம் வாங்க அந்நியச் செலாவணி ஏது என்று நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரியே கேட்டார், வெளிநாட்டு விதை நம் மண்ணில் வராது என்றவர்களும் உண்டு. சி.எஸ். தன் டெல்லி பங்களாவின் புல்வெளியைக் கொத்திவிட்டு அங்கேயே கோதுமை போட்டார். அப்பா ஒரு கோப்பு கொண்டுபோனபோது அந்தப் பயிரைப் பார்த்திருக்கிறார். இடுப்பு உயரம்கூட இல்லை, கதிர் மட்டும் கனம் என்று கையை வைத்துக் காட்டுவார். 1966-ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது.

1968-ல் அறுவடை குவிந்தபோது அவர் மந்திரி இல்லை. அந்த வருஷம் கோதுமைப் புரட்சிக்கு அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. அப்பா தபால்தலை சேர்க்கிறவர் இல்லை, அதை மட்டும் வாங்கி அம்மாவின் ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.