எண்ணூர் சேறு, காசிமேடு கழிவுநீர்: என்சைம் தேடிப் போன கதை

மெட்டாஜீனோமிக்ஸ், அதாவது ஓர் இடத்தில் இருக்கிற கிருமிகள் எல்லாவற்றின் டிஎன்ஏவையும் மொத்தமாக எடுத்து ஆராய்வது, என்றால் எல்லாரும் லேப் கதையைத்தான் சொல்கிறார்கள், நான் வெளியே போன கதையைச் சொல்கிறேன். வீடு தண்டையார்பேட்டை என்பதால் சாம்பிள் எடுக்க எண்ணூருக்கு லேபில் என்னைத்தான் அனுப்புவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததே, அதற்கப்புறம் பிவிசி பைப்பும் ஐஸ் பெட்டியுமாக யார் இறங்கினாலும் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னா தம்பி, நீயும் மண்ணு எடுக்க வந்தியா? எட்த்துனு போனவன் எவனும் திரும்பி வந்து ஒண்ணும் சொல்லலியே" என்றார். இது கோர்ட் கேஸுக்கான சாம்பிள் இல்லை ஐயா, சேற்றில் இருக்கிற கிருமிகளின் டிஎன்ஏவை எடுத்து, கம்பெனிக்கு உதவுகிற என்சைம் (நொதி) இருக்கிறதா என்று பார்ப்போம் என்றேன். "அத்தால மீனு வருமா?" வராது என்று சொன்னேன். இருந்தும் அலையாத்தி வேர்ப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். பைப்பை உருவினால் மேலே விரற்கடை அளவு பழுப்பு, கீழே கன்னங்கரேல், அழுகிய முட்டை நாற்றம்.

மண்ணில் இருக்கிற கிருமிகளில் பெரும்பாலானவை பெட்ரித்தட்டில் வளராது. அதனால் வளர்க்கும் வேலையே வேண்டாம் என்று மொத்த டிஎன்ஏவையும் உருவி, துண்டு போட்டு ஈ.கோலை என்ற லேப் பாக்டீரியாவுக்குள் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. அப்படி ஏற்றிய தொகுப்பைத்தான் லைப்ரரி என்போம். சொல்ல எளிது. எண்ணூர் சேற்று டிஎன்ஏ டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், காரணம் மக்கிய இலைதழையிலிருந்து வருகிற ஹியூமிக் அமிலம். அதைக் கழுவி எடுக்காமல் டிஎன்ஏவை நகலெடுக்கிற பிசிஆர் ஓடவே ஓடாது. அப்படியே ஏற்றிவிட்டாலும் ஈ.கோலை எல்லா ஜீனையும் வேலை செய்ய வைக்காது, நல்ல ஜீன் உள்ளே சும்மா கிடக்கும்.

என் சண்டை வேறு இடத்தில். எண்ணெய் கொட்டிய சேறு, அதனால் லைபேஸ் என்ற என்சைமை அள்ளலாம் என்று லேபில் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. அது எப்படி? லைபேஸ் வெட்டுவது கொழுப்பில் இருக்கிற எஸ்டர் பிணைப்பு என்ற வேதிப் பிணைப்பை. பெட்ரோலிய எண்ணெய் முக்கால்வாசி வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், அதைத் தின்ன ஆக்சிஜனைச் சேர்க்கிற வேறு வகை என்சைம் வேண்டும். கொழுப்பு வேண்டுமென்றால் காசிமேட்டுக்குப் போ.

போனேன். மீன் வெட்டுகிற அக்கா ஒருவர், "குடலு கழுவுன தண்ணி அந்த மூலைல தேங்கும் பாரு, கை வெச்சா வழுக்கும்" என்று காட்டினார். மத்தி, கானாங்கெளுத்திக் கொழுப்பெல்லாம் அங்கேதான் சேர்கிறது. அந்தத் தண்ணீரின் டிஎன்ஏவில் செய்த லைப்ரரியை, டிரைபியூட்டிரின் என்ற கொழுப்பு கலந்த தட்டில் போட்டோம். தட்டு மோர் மாதிரி வெள்ளையாக இருக்கும், கொழுப்பை வெட்டுகிற காலனியைச் சுற்றி மட்டும் கண்ணாடியாய் ஒரு வளையம் விழும். காசிமேட்டில் வளையம் விழுந்தது, எண்ணூரில் பேருக்குக்கூட இல்லை. ஒரு மாதிரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான், ஆனாலும் அன்று லேபில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது பிளாஸ்டிக் தின்னும் என்சைமுக்குக் கொடுங்கையூர் குப்பைமேடு என்கிறார்கள். தப்பில்லை, பிளாஸ்டிக் தின்னும் என்று 2016-இல் ஆய்வு வெளியான ஜப்பான் பாக்டீரியா, பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) பாட்டில் மறுசுழற்சி ஆலைப் பக்கம் கிடைத்ததுதான். ஆனால் 2020-இல் பிரான்சில் மெருகேற்றி, 10 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் குறைந்தது 90 சதவீதத்தைப் பிரித்துக்காட்டிய என்சைம், முதலில் ஜப்பானில் இலை மக்கிய உரத்தின் மெட்டாஜீனோமில் கிடைத்தது, அதுவும் இதே டிரைபியூட்டிரின் தட்டில். இலைமேல் இருக்கிற கியூட்டின் பூச்சிலும் எஸ்டர் பிணைப்பு, பெட்டிலும் எஸ்டர் பிணைப்பு, அவ்வளவுதான் விஷயம். அதனால் குப்பைமேட்டுக்கு முன்னால் இலை உரத்தைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். மாதவரம், மணலி பக்கம் யாராவது இலைதழையை மட்டும் தனியாகக் குவித்து மக்க வைத்தால், குவியலுக்குள் கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தால் (சூடு தாங்குகிற என்சைம் கிடைக்கலாம்), சொல்லுங்கள். ஒரு டப்பா போதும்.