"சீட்டு நனையலன்னா வெள்ளத்துல நின்ன வண்டியே இல்ல"ன்னு சொன்ன அண்ணனுக்கு

13ம்நம்பர்_ஸ்பேனர்
நம்ம ஃபோரத்துல பக்கத்துத் திரியில செகண்ட்ஸ்சாமி அண்ணன் ஒரு முத்து உதிர்த்திருக்காரு. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. விஷயம் இதான்: எல்போர்டுன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், டாப் வேரியண்ட் இசட்டிஐ, வேளச்சேரி வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணில நின்னுச்சு, இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டுட்டாங்க. யாரோ வாங்கி ரெடி பண்ணி இப்போ 1.90 லட்சம் சொல்றாங்க, எடுக்கலாமான்னு. அதுக்கு அண்ணன் பதில்:

//சீட்டு நனையலன்னா அது வெள்ள வண்டியே கிடையாது. கண்ண மூடிட்டு எடு தம்பி//

கண்ண மூடினாத்தான் எடுக்க முடியும், தொறந்தா ஓடிருவான். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், அதான் மோதினா ஏர்பேக்க விரிய வைக்கற பெட்டி, எங்க இருக்கு அண்ணே? சென்டர் கன்சோலுக்கு அடியில, தரையோட தரையா போல்ட் போட்டு உக்காந்திருக்கு. சீட்டு குஷன் அதுக்கு எவ்ளோ மேல? உள்ள அரை அடி தண்ணி போதும், சீட்டு எலும்பு மாதிரி காஞ்சிருக்கும், யூனிட் குளிச்சிருக்கும். அதுவும் மழைத்தண்ணியா? வேளச்சேரில அன்னிக்கு ஓடினது பாதி சாக்கடை.

செகண்ட்ஸ்சாமி
வாங்க ஸ்பேனர். ரெண்டு மாசமா ஆளக் காணோமேன்னு பாத்தேன். முதல்ல முழுசா போடுங்க. நான் அதுக்கடுத்த வரில //பேப்பர் பக்காவா இருக்கான்னு பாத்துக்க//ன்னும் எழுதிருக்கேன். அத ஏன் வெட்டினீங்க?

டோட்டல் லாஸ்னதும் வண்டி தூள் தூளாயிடுச்சுன்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன். ஒம்பது வருச வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசில போட்டிருக்கற வண்டி மதிப்பு, என்ன வரும்? 2.60 லட்சம்னு வைங்க. அதுல 75 சதவீதம் 1.95 லட்சம். ஷோரூம்காரன் கார்பெட்டு, சீட்டு கவர், வயரிங் கிட், லேபர், ஜிஎஸ்டின்னு எஸ்டிமேட் போட்டா ரெண்டு லட்சம் சாதாரணமா தாண்டும். அவ்ளோதான், டோட்டல் லாஸ். அதே வேலைய வெளிய நம்ம பையன் எழுவதாயிரத்துல முடிப்பான். வண்டி சாகல, கணக்குதான் செத்துச்சு. சீட்டு நனையல. நான் நேர்ல பாத்த வண்டி.

13ம்நம்பர்_ஸ்பேனர்
ஆஹா! //நான் நேர்ல பாத்த வண்டி// யாம். பூனைக்குட்டி வெளிய வந்துருச்சு. யார் யார்டுல நிக்குது அண்ணே அந்த வண்டி?

க்ளெய்ம்_சார்
நண்பர்களுக்கு வணக்கம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மோட்டார் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இங்கே மூன்று விஷயங்கள் குழப்பப்படுகின்றன. ஒன்று, பழுதுபார்க்கும் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காப்பீட்டுக் கணக்குப்படி முழு இழப்பு. இரண்டு, வண்டி நிரந்தரமாக ஓட்ட முடியாத நிலைக்குப் போனால், மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி உரிமையாளர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, ஆர்சியை ரத்துக்கு ஒப்படைக்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. மூன்று, சால்வேஜ், அதாவது சேதமான வண்டியை அப்படியே விற்கும்போது ஆர்சியோடு ஒரு விலை, ஆர்சி இல்லாமல் ஒரு விலை என்று மதிப்பிடுவார்கள். அந்தத் தம்பி முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி எந்த வகையில் கைமாறியது என்பதைத்தான்.

டிடிஐஎஸ்_வெறியன்
எஞ்சின் பத்தி ஒருத்தரும் பேசலியே. அது 1.3 மல்டிஜெட், ஃபியட் பெத்தது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா எல்லாத்துலயும் ஓடுன எஞ்சின். தண்ணில நிக்கும்போது செல்ஃப் அடிக்காம இருந்தா பெரும்பாலும் எஞ்சின் தப்பிச்சிடும். நிறைய பேரு பதட்டத்துல சாவியத் திருப்பிடுறான், தண்ணி உள்ள இழுத்து கனெக்டிங் ராடு வளைஞ்சிடுது. அடிக்கலன்னா ஆயில் மாத்து, ஃபில்டர் மாத்து, டீசல் டேங்கக் கழுவு, கிளம்பு. 2020 ஏப்ரலோட மாருதி டீசலயே நிறுத்திட்டான். இனி இந்த எஞ்சின் கிடைக்குமா? நான்னா எடுப்பேன்.

13ம்நம்பர்_ஸ்பேனர்
எஞ்சின் பத்தி நான் கேட்டனா? ஏர்பேக் யூனிட் பத்திக் கேட்டேன். சாமி அண்ணன் இன்னும் பதில் சொல்லல. சீட்டு நனையாம யூனிட் நனையுமா நனையாதா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தை.

கொங்குகாரன்
ஏனுங்க, ஒரு உண்மையச் சொல்லட்டுங்ளா? இந்த மாதிரி வண்டியெல்லாம் கழுவி, சென்ட் அடிச்சு, நேரா எங்கூருக்குத்தான் ஓட்டிட்டு வராங்க. இப்பெல்லாம் கோயமுத்தூர்ல டிஎன் 07, டிஎன் 22ன்னு சென்னை நம்பர் பாத்தாலே விலைய இருவதாயிரம் கம்மியாத்தான் கேக்கறோம். எங்கூர் டிஎன் 66ல சிங்கிள் ஓனர் வண்டி வாங்குங்க. காத்து நல்ல காத்து, தண்ணி சிறுவாணி. துருவே பிடிக்காதுங்க.

மைலாப்பூர்_மப்டி
ஆரம்பிச்சிட்டாருய்யா. சிறுவாணித் தண்ணி குடிச்சா காருக்குத் துரு பிடிக்காதாம். அது என்ன, ரேடியேட்டர்ல ஊத்துவீங்களா?

கொங்குகாரன்
மரியாதையாப் பேசுங்க. நாங்க ஊத்தறத ஊத்திக்கறோம், நீங்க சாக்கடைல நின்ன வண்டிய விக்காம இருந்தாப் போதும்.

ஹூஸ்டன்_ஹரி
இங்க டெக்சாஸ்ல இந்தத் தலைவலியே இல்ல. இன்ஷூரன்ஸ் முழு இழப்புன்னு முடிச்சிட்டா டைட்டிலிலேயே, அதாவது வண்டியோட ஓனர்ஷிப் பேப்பர்லயே, 'சால்வேஜ்'னு ஏறிடும். ரிப்பேர் பண்ணி, எந்தெந்தப் பார்ட் மாத்தினோம்னு எழுதிக் குடுத்து ரோட்டுக்குக் கொண்டு வந்தா 'ரீபில்ட்'னு ஏறும். அந்த முத்திரை அந்த வண்டிய விட்டுப் போகாது. நான் ரீபில்ட் டைட்டில் கேம்ரி ஒண்ணு நல்ல விலை இறங்கி வாங்கி இன்னும் ஓட்டிட்டிருக்கேன். ஆனா அது பின்னாடி இடி வாங்கின வண்டி. 2017 ஹார்வி புயல்ல மூழ்கின வண்டின்னா சும்மா குடுத்தாலும் தொட மாட்டேன்.

நம்ம ஊர் ஆர்சில இந்த மாதிரி ஒரு குறிப்பே கிடையாது. அதான் அடிப்படைப் பிரச்சினை.

செகண்ட்ஸ்சாமி
வந்துட்டாரு ஹரி. பஞ்சர் ஒட்டறதப் பத்திப் பேசினாலும் டெக்சாஸ்ல இருந்து ஒரு சொற்பொழிவு வந்துரும். ஏன் சார், உங்க ஊர்ல ஒரு ஸ்டேட்டுல முத்திரை குத்துன வண்டிய அடுத்த ஸ்டேட்டுக்குக் கொண்டு போய்ப் புது டைட்டில் வாங்கி முத்திரையக் கழுவறது இல்லையா? அதுக்கு 'டைட்டில் வாஷிங்'னு பேரே வெச்சிருக்கீங்க. நாங்க கார்பெட்டக் கழுவறோம், நீங்க பேப்பரையே கழுவறீங்க.

ஹூஸ்டன்_ஹரி
கழுவறாங்க, ஒத்துக்கறேன். ஆனா வின் நம்பர, அதான் சேஸிஸ் நம்பரப் போட்டா தேடிப் பாக்க வழி இருக்கே? திருட்டு, சால்வேஜ் ரெண்டுக்கும் காசில்லாமலே பாக்கலாம். உங்க யார்டு வண்டிக்கு அப்படி எங்க பாக்கறது?

13ம்நம்பர்_ஸ்பேனர்
ஹரி, நல்ல கேள்வி, ஆனா அண்ணனத் தப்பிக்க விடாதீங்க. அவரு இன்னும் ஏர்பேக் யூனிட்டுக்குப் பதில் சொல்லல. எண்ணிட்டுதான் இருக்கேன்.

செகண்ட்ஸ்சாமி
சீட்டு நனையலன்னா தண்ணி நின்னது கொஞ்ச நேரம்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல யூனிட் ஒண்ணும் ஆகாது. அது சீல் போட்டு வர்ற சரக்கு. டாஷ்போர்டுல லைட்டு எரியல. நான் பாத்தேன். போதுமா?

13ம்நம்பர்_ஸ்பேனர்
லைட்டு எரியலயாம்! சாவி ஆன் பண்ணதும் லைட்டு எரிஞ்சு நாலஞ்சு செகண்டு கழிச்சு அணையணும். அந்த முதல் எரியலே வரலன்னா பல்பையே புடுங்கிட்டான்னு அர்த்தம். அல்லது ஆயில் லைட்டு வயரோட சேத்து முறுக்கி விட்டிருப்பான், எல்லாம் ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். இதெல்லாம் தெரியாத மாதிரி நடிக்காதீங்க அண்ணே. கிலோமீட்டர் திருப்பற திரியில உங்களுக்கு எவ்ளோ நுணுக்கம் தெரியும்னு ஊரே பாத்துச்சு.

அப்புறம் "சீல்". உள்ள சர்க்யூட்டு சீலா இருக்கும், வயர் வந்து சொருகற கப்ளர்? பின்னுல ஒரு சொட்டு சாக்கடைத்தண்ணி நின்னாப் போதும், ஆறு மாசம் கழிச்சுப் பச்சை பூத்து நிக்கும். வாங்கும்போது நல்லாத்தான் ஓடும். அடுத்த மழைக்கு ஜன்னல் கண்ணாடி இறங்காது, சென்ட்ரல் லாக் தானா அடிக்கும், ஏபிஎஸ் லைட்டு கண் சிமிட்டும். ஒவ்வொண்ணா எலெக்ட்ரீஷியன் கிட்ட நிப்பாட்டி நிப்பாட்டியே மிச்சம் பிடிச்ச காசு போயிரும்.

செகண்ட்ஸ்சாமி
//கிலோமீட்டர் திருப்பற திரியில// அந்தத் திரி முடிஞ்சு போன கதை. நான் திருப்பினேன்னு யாராச்சும் நிரூபிச்சாங்களா? இன்னும் அதையே பிடிச்சுத் தொங்குறீங்கன்னா உங்களுக்கு வேற வேலை இல்லன்னு அர்த்தம். உங்க ஷெட்டுல வண்டி வர்றது குறைஞ்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன், அதான் போல.

தூத்துக்குடி_துரை
மிக்ஜாம், வேளச்சேரி, முடிச்சூர்னு சென்னையே பேசுங்கவே. அதே டிசம்பர்ல ரெண்டு வாரம் கழிச்சு காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? எங்க வண்டிங்க மூழ்கல? எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு திரி கூட போடல.

மைலாப்பூர்_மப்டி
போடுங்களேன் சார், யாரு தடுத்தா?

தூத்துக்குடி_துரை
போட்டேன். மூணு பேரு பதில் போட்டாங்க. அதுல ரெண்டு பேரு மக்ரூன் எந்தக் கடைல வாங்கலாம்னு கேட்டாங்க.

க்ளெய்ம்_சார்
மறுபடியும் சொல்கிறேன். முழு இழப்புக்குப் பணம் கொடுத்துவிட்டால் அந்தப் பாலிசி அத்தோடு ரத்தாகும். ஆகவே பழைய பாலிசி நகலைக் கேளுங்கள். 2023 டிசம்பருக்கும் இப்போதைய பாலிசி தொடங்கிய தேதிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் வண்டி யார் கையில், யார் பெயரில் இருந்தது? பெரும்பாலும் முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29, 30 மட்டும் கைமாறியிருக்கும். ரெடி பண்ணி விற்பவர் பெயர் ஆர்சியில் வரவே வராது. பெயர் மாறாதவரை விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்சியில் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த முதல் உரிமையாளரை எண்ணிப் பாருங்கள்.

டிடிஐஎஸ்_வெறியன்
சார் சொல்றது பேப்பர் சமாச்சாரம். நான் கேக்கறது, செல்ஃப் அடிச்சாங்களா இல்லையா? அதச் சொல்லுங்க முதல்ல.

கொங்குகாரன்
டீசல் டீசல்னு ஏன்ங்க உயிர விடறீங்க? பெட்ரோல் வண்டின்னா இந்தப் பேச்சே இல்லைங்க. டர்போ இல்ல, காமன் ரெயில் இல்ல, இன்ஜெக்டருக்குச் செலவு இல்ல.

டிடிஐஎஸ்_வெறியன்
பெட்ரோல்காரங்க பாலக்காட்டுக் கணவாய்த் தாண்டும்போது பம்பு பம்பா நின்னு ஏறுங்க. நாங்க ஒரே டேங்குல கோயமுத்தூர்லேர்ந்து மெட்ராஸே போய்ச் சேந்துருவோம்.

எல்போர்டு
அண்ணன்களா, கேட்டது நான்தான். இன்னிக்கு வண்டியப் பாத்துட்டு வந்தேன். ஸ்பேனர் அண்ணன் தனியா மெசேஜ்ல சொன்ன மாதிரி ஸ்டெப்னி குழியில பாயைத் தூக்கிப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு, புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. டிரைவர் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன், கறை எதுவும் இல்ல. ஆனா பெல்ட்டு அடியில தைச்சிருந்த லேபிள்ல 2024ன்னு போட்டிருந்துச்சு. பக்கத்து சீட்டு பெல்ட்டும் அப்படித்தான். பின் சீட்டு பெல்ட்டு மட்டும் 2014. இது நல்லதா கெட்டதா?

13ம்நம்பர்_ஸ்பேனர்
சாமி அண்ணே! ஓடிராதீங்க! சீட்டு நனையாத வண்டில முன்னாடி ரெண்டு பெல்ட்டும் எதுக்குப் புதுசு? பெல்ட்டு சுருள்ற டப்பா எங்க இருக்கு, பில்லருக்கு அடியில. அது வரைக்கும் தண்ணி வந்திருக்கு, சேறு பிடிச்சு பெல்ட்டு திரும்பச் சுருளல, மாத்திட்டாங்க. இல்லன்னா இது வெள்ள வண்டி மட்டும் இல்ல, முன்னாடி இடிச்சு ஏர்பேக் வெடிச்சு, அதோட சேத்து பெல்ட்டும் மாத்தின வண்டி. ரெண்டுல எது? ஸ்டெப்னி குழிக்கு எவனாவது ஆசைப்பட்டு பெயிண்ட் அடிப்பானா?

செகண்ட்ஸ்சாமி
பெல்ட்டு எலி கடிச்சிருக்கும். யார்டுல நின்ன வண்டி, எலி வராதா? மாத்திக் குடுத்தது நல்லதுக்கா கெட்டதுக்கா? பழைய பெல்ட்டோட குடுத்தா அதுக்கும் ஒரு திரி போடுவீங்க. சீட்டு நனையல, அவ்ளோதான் சொல்வேன்.

மைலாப்பூர்_மப்டி
முன் சீட்டு பெல்ட்டு ரெண்டையும் கடிச்சு, பின் சீட்ட விட்டுட்டுப் போன எலி. ஓனர்ஷிப் பாத்துக் கடிக்குது.

செகண்ட்ஸ்சாமி
மப்டி, நீங்க சைக்கிளாவது வெச்சிருக்கீங்களா?

க்ளெய்ம்_சார்
எல்போர்டு தம்பி, பழைய பாலிசி நகல் கேட்டீர்களா?

எல்போர்டு
கேட்டேன் சார், "அதெல்லாம் எதுக்கு, புது பாலிசி நாங்களே போட்டுத் தர்றோம்"னு சொன்னாங்க. 1.75க்கு இறங்கியிருக்காங்க. ரெண்டு நாள்ல சொல்லணுமாம்.

டிடிஐஎஸ்_வெறியன்
1.75க்கு இசட்டிஐயா?! தம்பி, உனக்கு வேண்டாம்னா யார்டு நம்பர மட்டும் தனியா அனுப்பு.

13ம்நம்பர்_ஸ்பேனர்
பாத்தீங்களா, அடுத்த ஆடு ரெடி. வெறியா, எடுத்துட்டு என் ஷெட்டுக்கு வராத. கன்சோலைக் கழட்டி அந்த யூனிட்டோட கப்ளர ஃபோட்டோ எடுத்து இங்க போடச் சொல்லுங்க சாமி அண்ணன. பத்து ரூபா ஸ்க்ரூ டிரைவர் வேலை. ஃபோட்டோ வரட்டும், அப்புறம் பேசறேன்.

செகண்ட்ஸ்சாமி
விக்கிற வண்டியக் கழட்டிக் காட்ட நான் என்ன காட்சிசாலையா நடத்தறேன்? வேணும்னா நீங்களே வந்து கழட்டுங்க. கழட்டற கூலி, திரும்ப மாட்டற கூலி, ரெண்டும் உங்களுது.

13ம்நம்பர்_ஸ்பேனர்
அப்போ உங்க யார்டு வண்டிதான். இத ஒத்துக்க இவ்ளோ நேரமா?

கொங்குகாரன்
அந்தப் பாலக்காட்டுக் கணவாய்ப் பேச்ச அப்படியே விட்டுட்டீங்க வெறியன். ஏப்பா, அது ஏத்தமே இல்ல, சமதரைங்க. நீங்க அந்தப் பக்கம் வந்ததே இல்லைங்ளா?